போர்த்தாஸுக்குப் பொருள் சொன்னவன்

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரனுக்கு ஞானஸ்நானம். புதிதாக வந்திருக்கும் பாதிரியார் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் மகனிடம் குடும்பப் பெயர் கேட்டார். "ஹெக்ஸ்ட்" என்றான் மகன். பின்னாலிருந்து ஒரு குரல், "ஹெக்ஸ்ட்னு மட்டும் எழுதுனா யாருக்கும் வெளங்காது ஐயா. போர்த்தாஸ்னும் சேத்துப் போடுங்க. ஊர்ல அப்படித்தான் கூப்பிடுவோம்" என்றது. பாதிரியாரும் 'ஹெக்ஸ்ட் என்கிற போர்த்தாஸ்' என்று எழுதிவிட்டு, "அதென்ன பேரு, போர்த்தாஸ்?" என்று கேட்டார். அங்கே நின்ற இளசுகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. "ஏதோ பாட்டன் காலத்துப் பேருங்க" என்றான் ஒருவன்.

எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என் மேல் விழுந்த அந்தப் பெயர் என் மகன் மேல் ஏறி, இப்போது பத்து நாள் குழந்தை மேலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. பெரியவனானதும் அவன் கேட்பான். சொல்வதற்கு அப்போது நான் இருக்க மாட்டேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் டிகரி ஹெக்ஸ்ட். தறிக்காரன். கூடவே எங்கள் ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளை வேலையும் பார்த்துவந்தேன். மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, சாமியார் பாடினால் பதில் பாடுவது. அதற்கெல்லாம் முன்பு, இளவயதில், டார்ட்மத் துறைமுகத்திலிருந்து துணிக் கப்பலில் ஏறி பிரான்சுக்குப் போய், ரூவான் நகரத்தில் இரண்டு வருஷம் மூட்டை தூக்கினேன். அப்போது ஒட்டிக்கொண்டதுதான் பிரெஞ்சு. பேரம் பேசவும் வசவு வாங்கவும் போதுமான பிரெஞ்சு. ஆனால் இங்கிலாந்தின் மேற்கே, டெவன் நாட்டில் எங்கள் சின்ன ஊரில் அது பெரிய படிப்பு. யாராவது ஒரு வார்த்தையை வாயில் எடுத்தால் போதும், அது எங்கிருந்து வந்தது, பிரித்தால் என்ன பொருள் என்று நான் ஆரம்பித்துவிடுவேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"உப்பு எங்கேன்னு கேட்டா, உப்புக்குப் பிரெஞ்சுல என்னன்னு சொல்ற மனுஷன் இவரு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள் என் மனைவி தாமசின். நானும் பெருமையாகச் சிரித்துக்கொள்வேன்.

எங்கள் சாமியார் பெயர் பெட்ராக். அப்போதே அறுபதை நெருங்கியவர். குள்ளமான ஆள், வேகமாக நடப்பார். மேட்டு நிலத்துப் பண்ணைகளில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மழையோ பனியோ கிளம்பிவிடுவார். அவர் இடுப்பில் மான் தோல் சுற்றிய ஒரு புத்தகம் தொங்கும். உள்ளங்கை அகலம், செங்கல் கனம். ஒரு நாளில் எந்த வேளைக்கு எந்த ஜெபம், எந்தத் துதிப்பாட்டு என்று வருஷம் முழுவதற்கும் உள்ளது அந்த ஒரு புத்தகத்தில் அடங்கியிருந்தது. கோயிலில் இருந்தவை பெரிய புத்தகங்கள், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். இது சாமியோடு நடக்கும் புத்தகம். அதைத்தான் போர்த்தாஸ் என்போம். சிலர் போர்ட்டஸ் என்பார்கள், சிலர் போர்த்துவிஸ். சொல்லுவது எப்படியானாலும் அந்த வார்த்தை தெரியாத ஆள் அன்றைக்கு ஊரில் கிடையாது. சந்தையில் மாடு விற்கிறவன்கூட, "சாமியோட போர்த்தாஸ் மேல சத்தியமா, இதுக்கு ஒரு நோயும் கிடையாது" என்பான்.

அந்தப் புத்தகத்தின் முன்பக்கம் ஒரு நாட்காட்டி உண்டு. புனிதர்களின் திருநாள்கள் எழுதியிருக்கும். ஊரில் யார் இறந்தாலும் அந்தத் தேதிக்கு எதிரே சாமி பெயரை எழுதிவிடுவார். அடுத்த வருஷம் அந்த நாள் வந்ததும் பூசையில் அந்தப் பெயரைச் சொல்லி வேண்டுவார். எங்கள் முதல் குழந்தை மூன்று நாள் இருந்துவிட்டுப் போனது. அதன் பெயரும் அதில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

லத்தீன் பூசையை நிறுத்திவிட்டு ராஜா இங்கிலீஷில் புது ஜெபப் புத்தகம் கொண்டுவந்தபோது எங்கள் பக்கம் பெரிய கலகம் எழுந்தது. பழைய பூசை வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் ஆட்கள் திரண்டு போனார்கள். எங்கள் ஊரிலிருந்து ஏழு பேர் போனார்கள். ஆகஸ்ட் மாதம் ராஜாவின் படை அடித்து நொறுக்கிவிட்டது. ஏழு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. பிணங்கூட வரவில்லை. அவர்கள் போனதாகவே யாரும் வெளியே சொல்லவில்லை. வேலை தேடிக் கப்பலுக்குப் போயிருக்கிறார்கள் என்று பேச்சு. கலகக்காரன் வீடு என்று தெரிந்தால் நிலமும் போகும், மாடும் போகும். எங்கள் கோயில் மணிகளின் நாக்குகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள், மறுபடியும் ஆள் திரட்டக் கூடாது என்று.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அடுத்த உத்தரவு வந்தது. பழைய ஜெபப் புத்தகங்கள் எதுவும் இருக்கக் கூடாது. பட்டியல் போட்டுக்கொண்டு ஆள் வருவான். எல்லாவற்றையும் அவன் கண்ணெதிரே கொளுத்த வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் காரியங்களைக் கவனித்துவந்த பண்ணைக்காரர் ஹானிபல் வாஸ்பர் எங்களை வில்மட்டின் கள்ளுக்கடைக்குக் கூப்பிட்டார். வில்மட் முப்பது வயதுக்காரி. அவள் புருஷன் அந்த ஏழு பேரில் ஒருவன். ஆப்பிள் கள்ளை ஊற்றி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வாஸ்பர் சொன்னார்: "பெரிய புத்தகத்தை ஒளிக்க முடியாது. அதெல்லாம் போகட்டும். ஆனா சாமியோட போர்த்தாஸ் போகக் கூடாது. வர்ற ஆளு பட்டணத்துக்காரன், சின்னப் பையன். பொறந்ததுலேருந்து புதுமதத்துக்காரங்க வீட்டுல வளந்தவனாம். நம்ம சாமான் பேரெல்லாம் அவனுக்குத் தெரியாதுன்னு பக்கத்து ஊர்ல சொன்னாங்க. அங்க ஒரு வார்த்தைக்கு எல்லாரும் முழிச்சாங்களாம், அவனும் விட்டுட்டுப் போயிட்டானாம். நாமளும் அதையே பண்ணுவோம். அவன் போர்த்தாஸ்னு படிச்சா, அப்படின்னா என்னங்கன்னு கேளுங்க. அவ்வளவுதான்."

"சாமி பொய் சொல்ல மாட்டாரே" என்றேன்.

"சாமி பேச வேண்டாம். நாம பேசலாம். பொய்யே இல்லையேப்பா, கேள்விதானே கேக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். வில்மட் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏன்யா டிகரி, உன்னால வாயை மூடிக்கிட்டு நிக்க முடியுமா?"

"ஏன் முடியாது?"

"ஒரு வார்த்தையைப் பத்தி ஒருத்தன் கேக்கிறான். நீ சும்மா நிக்கணும். அதான் கேட்டேன்."

மறுபடியும் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. "நான் என்ன பச்சைப்பிள்ளையா?" என்றேன்.

அந்த எழுத்தன் மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தான். பெயர் ஆம்ப்ரோஸ் ஃபைன்ஸ். கூட இரண்டு சிப்பாய்கள். கோயில் முற்றத்தில் மேசை போடச் சொன்னான். பக்கத்தில் விறகு அடுக்கித் தீ மூட்டியாயிற்று. ஊரே வந்து நின்றது. பெட்ராக் சாமி கனத்த கம்பளி அங்கியை இழுத்து மூடிக்கொண்டு கோயில் வாசலருகே நின்றார். அங்கிக்குள் இடுப்பில் புத்தகம் இருந்தது. வேறெங்கும் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஃபைன்ஸ் பட்டியலைப் படிக்கப் படிக்க வாஸ்பர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பூசைப் புத்தகம். பாட்டுப் புத்தகம் இரண்டு. பவனிப் புத்தகம். ஒவ்வொன்றாகத் தீயில் விழுந்தது. தோல் எரியும் நாற்றம். பெண்கள் சிலர் அழுதார்கள்.

பிறகு அவன் நிறுத்தினான். காகிதத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். "போர்... போர்ட்டு... வாசஸ்?"

எழுதியவன் எழுத்துக்கூட்டி எழுதியிருந்த லட்சணம் அப்படி. படித்த லட்சணமும் அப்படி.

"யாருங்க அது?" என்றார் வாஸ்பர்.

"யாரா? ஆள் இல்லைய்யா. சாமான்."

"போர்ட்டர்னு ஒருத்தன் இருந்தான், பக்கத்து ஊர்க் கொல்லன். போன வருஷம் போய்ச் சேந்துட்டான். அவனைத்தான் கேக்கிறீங்களோன்னு..."

கூட்டத்தில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். ஃபைன்ஸின் காது சிவந்தது. "சாமான்னு சொன்னேன். கோயில் சாமான்."

வில்மட் முன்னே வந்தாள். "போர்வையா இருக்குமோங்க? பீடத்து மேல விரிக்கிறது?"

"போர்வை புத்தகப் பட்டியல்ல எப்படி வரும்?"

"எங்களுக்கென்னங்க தெரியும்? நீங்க படிச்சவங்க."

எனக்கு வயிற்றுக்குள் கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல இருந்தது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஃபைன்ஸின் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. அப்படியே போயிருப்பான். ஆனால் என் கையில் சாவிக்கொத்து இருப்பதைப் பார்த்துவிட்டான்.

"நீதானே கோயில்பிள்ளை? படிக்கத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"எத்தனை வருஷமா இருக்கே?"

"பதினாலு."

"பதினாலு வருஷம் இந்தக் கோயில்ல கத்திக்கிட்டு இருந்திருக்கே, உனக்கே இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. கிளி மாதிரி பாடியிருக்கே." சிப்பாய்கள் பக்கம் திரும்பினான். "பட்டணத்துல சொன்னாங்க, இந்தப் பக்கத்து ஜனங்க தொழுவத்துல பாதி, வீட்டுல பாதின்னு. சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

சிப்பாய்கள் சிரித்தார்கள். அதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், வசவை நான் தாங்கிக்கொண்டேன்.

அடுத்து அவன் மேதாவிபோல் தலையை ஆட்டினான். "போர்ட்டுன்னா துறைமுகம். துறைமுகத்துல கப்பலை ஆசீர்வதிக்க வச்சிருக்கிற ஏதாவது புத்தகமா இருக்கும். இங்க துறைமுகம் எங்கே இருக்கு? இல்லைன்னு எழுதிக்கிறேன்."

பேனாவை மையில் தோய்த்தான். அதன் முனை காகிதத்தைத் தொட்டது. 'இல்லை' என்பதன் முதல் எழுத்தையும் போட்டுவிட்டான்.

தவறான அர்த்தம். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. துறைமுகமாம்! ரூவானில் இரண்டு வருஷம் இருந்த என் முன்னால் நின்றுகொண்டு!

"துறைமுகம் இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. "அது பிரெஞ்சு வார்த்தை. போர்த்-னா தூக்கிட்டுப் போறது. ஓர்-னா வெளியே. கோயிலுக்கு வெளியே தூக்கிட்டுப் போறதுன்னு அர்த்தம். பெரிய புத்தகத்தையெல்லாம் தூக்க முடியாதில்லீங்களா, அதனால எல்லா ஜெபத்தையும் சுருக்கி ஒரே புத்தகமா, கைக்கு அடக்கமா எழுதி..."

அதற்குமேல் வாய் வரவில்லை. வாஸ்பர் கண்களை மூடிக்கொண்டார். தாமசின் கூட்டத்தில் நின்றிருந்தாள். அவள் கை தன் வாயைப் பொத்தியிருந்தது, என் வாயைப் பொத்த வேண்டிய கை.

ஃபைன்ஸ் பேனாவைக் கீழே வைத்தான். முதல்முறையாக மரியாதையாகப் பேசினான். "ரொம்ப நல்லா விளக்குனீங்க. யாருங்க தூக்கிட்டுப் போவாங்க?"

நான் பேசவில்லை.

"சாமியார்தானே? உங்க சாமியார் வெளியே போறதுண்டா?"

இப்போதும் நான் பேசவில்லை. ஆனால் என் கண் இருக்கிறதே, அது சாமியின் இடுப்புக்குப் போய்விட்டது. நானாகப் பார்க்கவில்லை என்று வருஷக்கணக்காக எனக்கு நானே சொல்லிவந்தேன். பார்த்தேன். ஃபைன்ஸ் என் கண் போன இடத்தைப் பார்த்தான்.

சிப்பாய் ஒருவன் நகர்வதற்குள் பெட்ராக் சாமி தானே முன்னால் வந்தார். "அவனை விடுங்க. என்கிட்டதான் இருக்கு" என்று அங்கியைத் திறந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஃபைன்ஸ் மான் தோலை விலக்கித் திறந்தான். நாட்காட்டிப் பக்கம் வந்தது. போப்பாண்டவர் பெயரை அடித்துவிட வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே உத்தரவு. சாமி அடிக்கவில்லை. "ஓஹோ" என்றான் அவன். ஜனவரி முடிந்து பிப்ரவரி. மார்ச்சு. ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டினான். "இதென்ன ஓரத்துல பேரெல்லாம்?"

"செத்துப்போனவங்க" என்றார் சாமி. "ஐயா, ஒரு தடவை கையில குடுங்க. முப்பது வருஷம் என்கூட இருந்தது. ஒரு முத்தம் குடுத்துட்டுத் தந்துடறேன்."

ஃபைன்ஸுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "குடு, குடு. ரெண்டாவே குடு" என்று நீட்டினான்.

சாமி வாங்கினார். முத்தமிட்டார். அப்படியே இரண்டு எட்டு வைத்துத் தீக்குள் அதைச் சொருகினார். வீசி எறியவில்லை. எரிகிற புத்தகங்களுக்கு நடுவே, அடியில், கையாலேயே அழுத்தித் தள்ளினார். சிப்பாய் ஓடிவந்து அவரை இழுத்தபோது அங்கியின் கை பற்றியிருந்தது. வலது கை முழங்கைவரை வெந்துபோயிருந்தது.

"என்னத்தை எரிச்சே? என்னத்தை மறைச்சே?" என்று ஃபைன்ஸ் கத்தினான்.

"நீங்க எரிக்கச் சொன்னதைத்தானுங்க எரிச்சேன்" என்றார் சாமி.

அவரைக் கட்டிக் கழுதைமேல் ஏற்றி நகரத்துச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முத்தமிட்ட புத்தகத்தை ஏன் தானே கொளுத்தினார்? எல்லோரும் போன பிறகு வில்மட்டின் கடைக்குப் போனேன். யாரிடமாவது பேசியாக வேண்டும் என்று இருந்தது. அவள் பீப்பாய்க்குப் பின்னால் நின்று துணியால் குவளை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆகஸ்ட் பக்கத்துல என்ன இருந்துச்சு தெரியுமா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"ஏழு பேரு. புது மையில. ஒவ்வொருத்தரும் எந்த நாளு, எந்த ஊருக்கிட்ட செத்தாங்கன்னு தப்பிச்சு வந்த வேத்தூர்க்காரன் ஒருத்தன்கிட்ட விசாரிச்சு சாமி எழுதி வச்சிருந்தாரு. என் புருஷன் பேரு மொதல்ல. அந்தப் பட்டணத்தான் விரலு மே மாசம் வரைக்கும் வந்தாச்சு, நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கு ஏன் யாரும் சொல்லலை?"

அவள் குவளையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். "ஏன்னா, நீ நீதான்யா."

ஏழு பேரை மட்டும் அல்ல, ஊரில் முப்பது வருஷத்தில் இறந்த அத்தனை பேரையும் அந்தத் தீ கொண்டுபோயிற்று. வீட்டில் தாமசின் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி ஊற்றும்போது மட்டும், "நம்ம புள்ள செத்தது பதினெட்டாம் தேதியா, பத்தொம்பதா?" என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. அவளுக்கும் உறுதியாக இல்லை. இத்தனை நாள் சாமி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு கடைக்குள் நுழைந்தேன். வாஸ்பர் திரும்பிப் பார்த்தார். "யாருப்பா அது, போர்த்தாஸா? அர்த்தம் தெரியும்ல எல்லாருக்கும்? தூக்கிட்டு வெளியே போடுங்க." யாரும் தூக்கவில்லை. நானே வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து அதுதான் என் பெயர். கோயில் சாவிக்கொத்தையும் நானே கொண்டுபோய் வாஸ்பர் வீட்டு வாசலில் மாட்டிவிட்டு வந்தேன்.

ஆறேழு மாதம் கழித்து, செப்டம்பர் கடைசியில் சாமியை விட்டுவிட்டார்கள். என்ன கேட்டும் அவர் வாயிலிருந்து ஒரு பெயரும் வரவில்லையாம். இனி எந்தக் கோயிலிலும் வேலை பார்க்கக் கூடாது என்ற கட்டளையோடு வந்தார். மேட்டு நிலத்துக்கு அப்பால் அவருடைய தங்கைக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே போய்விடப் போவதாகச் சொன்னார்கள். போகும் முன் ஊரில் ஒவ்வொரு வீடாக விடைபெற்று வந்தார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். இளைத்துப் பாதியாகியிருந்தார். வலது கையைத் துணியில் சுற்றிக் கழுத்தில் மாட்டியிருந்தார். "நான் இல்லைன்னு சொல்லிடு" என்று தாமசினிடம் சொல்லிவிட்டு, கம்பளி மூட்டைகள் அடுக்கியிருந்த பரணில் ஏறி ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டேன். நாற்பத்தோரு வயது ஆண்பிள்ளை.

"வாங்க சாமி. அவரு சந்தைக்குப் போயிருக்காரு" என்று தாமசின் சொல்வது கேட்டது.

"பரவாயில்லைம்மா. காத்திருக்கேன்."

உட்கார்ந்தார். தாமசின் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். இடது கையால் சாப்பிட அவர் சிரமப்படுவதும், அவள் துண்டு போட்டுக் கொடுப்பதும் பலகை இடுக்கு வழியாகத் தெரிந்தது. மூட்டைக்கு நடுவே மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். மூக்கில் கம்பளித் தூசி. தும்மல் வந்தது. வாயில் துணியைத் திணித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படியோ. வெயில் தரையில் நகர்ந்து சுவர்வரை போனது.

சாமி தாமசினிடம் பேசுவதுபோலத்தான் பேசினார். ஆனால் குரலை ஏனோ கொஞ்சம் உயர்த்தினார்.

"உன் புருஷன் வந்தா ஒண்ணு சொல்லும்மா. அன்னைக்கு அவன் சொன்ன அர்த்தம் சரிதான், ஆனா முழுசும் சரியில்லை. சில பெரிய கோயில்ல நாலு பேர் சேந்தாலும் நகத்த முடியாத புத்தகம் இருக்கும், சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருப்பாங்க. அதையும் போர்த்தாஸ்னுதான் சொல்லுவாங்க. வெளியே போறதுன்னு பேரு, இருந்த எடத்தை விட்டு ஒருநாளும் அசையாது. வார்த்தை அப்படித்தான், பொறந்த அர்த்தத்துலயே நிக்காது. அதை அவன்கிட்ட சொல்லு. கேட்டா சந்தோஷப்படுவான்."

தாமசின் அழுதாள். "அவரை மன்னிச்சிடுங்க சாமி."

"மன்னிக்கிறதுக்குத்தானே வந்தேன். அவன் இல்லையே."

அந்த இடத்தில் நான் இறங்கியிருக்க வேண்டும். ஏணியைக் கீழே விட்டு ஏழு படி. எண்ணிப் பார்த்திருக்கிறேன். என் கை ஏணியைத் தொட்டது. இவ்வளவு நேரம் ஒளிந்திருந்துவிட்டு, தலையெல்லாம் கம்பளி ஒட்ட எப்படி இறங்குவது என்று நினைத்தேன். செய்த காரியத்தைவிட ஒளிந்துகொண்ட காரியம் அந்த நிமிஷம் பெரிதாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் என்று கிடந்தேன். சாமி எழுந்து, அண்ணாந்து பரணை ஒரு முறை பார்த்துவிட்டு, "சரிம்மா, இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்று கிளம்பினார்.

நான் இறங்கியபோது தாமசின் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குளிர் முடியட்டும், மேட்டு நிலத்துக்கு நடந்துபோய்ப் பார்த்துவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். குளிர் முடிந்தது. தறியில் வேலை இருந்தது. ஆடுகளுக்கு ரோமம் வெட்டுவது முடியட்டும் என்றேன். அந்தக் கோடையில்தான் வியர்வைக் காய்ச்சல் வந்தது. காலையில் நன்றாக இருந்தவன் சாயங்காலம் இல்லை என்கிற நோய். தங்கையின் பண்ணையில் காய்ச்சல் கண்ட வேலைக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்த சாமி தானும் படுத்து, ஒரே நாளில் போய்விட்டார். உப்பு கொண்டுவரும் வண்டிக்காரன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"என்னைக்கு?" என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமைன்னு ஒருத்தர் சொன்னாரு. புதன்னு இன்னொருத்தர். அந்தப் பக்கம் அந்த வாரத்துல பத்துப்பன்னெண்டு பேரு. யாரு கணக்கு வச்சா?"

அதற்குப் பிறகுதான் நான் அந்த வேலையில் இறங்கினேன். நாலு தாளை மடித்துத் தைத்து, பன்னிரண்டு மாதமும் கோடு போட்டேன். எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன், உங்கள் வீட்டில் இறந்தவர் யார், எந்த நாள் என்று கேட்டு. இறந்தவர் பெயர் சொல்லி வேண்டுகிற பழைய வழக்கத்துக்குத் தடை இருந்த காலம், பிடித்தால் எனக்குத்தான் ஆபத்து. அந்த ஆபத்து எனக்கு வேண்டியும் இருந்தது.

முதல் நாலு வீட்டில் கதவே திறக்கவில்லை. ஐந்தாம் வீட்டில், "யாருகிட்ட படிச்சுக் காட்டப் போறே போர்த்தாஸ்?" என்று கேட்டார்கள். வாஸ்பர் வேலியோரம் நின்று என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் இறந்த நாள்களை மடமடவென்று சொல்லிவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் முதுகைத் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னார் என்று தெரிந்ததும் மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தேதி நினைவில்லை. 'வைக்கோல் அறுப்பு சமயம்', 'பெரிய பனி பெய்த வாரம்' என்றே எழுதினேன். எங்கள் குழந்தை பெயருக்கு எதிரே இரண்டு தேதி இருக்கிறது. சாமி பெயருக்கு எதிரேயும் இரண்டு.

கடைசியாக வில்மட்டிடம் போனேன். கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று தாளைக் காட்டினேன்.

"மத்த ஆறு வீட்டுலயும் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"மூணு வீட்டுல."

"அவங்க இஷ்டம்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். "நல்லா எழுதியிருக்கே. கோடெல்லாம் நேரா இருக்கு."

"உன் வீட்டுக்காரரு செத்த நாளைச் சொன்னியானா..."

"சொல்ல மாட்டேன்யா" என்றாள். கத்தவில்லை. விலை படியவில்லை என்கிறவள்போலச் சாதாரணமாகச் சொன்னாள். "அது என் தலைக்குள்ள இருக்கு. அங்கயே இருக்கட்டும். நீ கையில வச்சிருக்கிற எதுலயும் அவரு பேரு வேண்டாம்."

"சரி" என்றேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு குவளை கள் ஊற்றி வாசற்படியில் வைத்தாள். நின்றபடியே குடித்துவிட்டுக் குவளையைப் படியில் வைத்தேன். அவள் அதற்குள் துடைப்பத்தை எடுத்து, மிச்சத்தைப் பெருக்க ஆரம்பித்திருந்தாள்.